உங்கள் கம்ப்யூட்டருக்கு எஜமான் யார்?

திருவானைக்காவல் கோவிலின் வெளி மதிலுக்குத் "திருநீற்றான் திருமதில்" என்று பெயர். அதைக் கட்டிய ஆட்களுக்கு ஒரு சித்தர் திருநீற்றையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம்! ஊரார் சொல்லும் கதை இது.

இந்தக் காலத்திலும் பலர் கூலி வாங்காமல் கூடிக் கட்டிய ஒன்று உண்டு. அதன் பெயர் "டெபியன்".

அது என்ன?

கம்ப்யூட்டரை இயக்கும் ஆணைகளின் தொகுப்புக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் பெட்டிதான்.

விண்டோஸ் ஒரு கம்பெனியின் சொத்து. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தன. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குடும்பத்துக்குப் புதுச் செலவு!

டெபியனை 1993-ல் இயான் மர்டாக் என்ற மாணவர் அமெரிக்காவில் தொடங்கினார். அதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதன் தலைவரை உறுப்பினர்களே ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைகளை மறைக்கமாட்டோம் என்று 1997-ல் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்!

இலவசம் என்றால் போதுமா?

போதாது. "சென்ட் ஓ.எஸ்." என்பதும் இலவசம்தான். ஆனால் அது ரெட் ஹாட் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை ஓடும் என்று நம்பியிருந்தார்கள். 2021-ம் ஆண்டோடு நிறுத்திவிடுவதாக 2020 டிசம்பரில் கம்பெனி அறிவித்துவிட்டது! ஆணைகள் எல்லோருக்கும் திறந்து கிடந்ததால், "ராக்கி", "அல்மா" என்ற புதுப் பெயர்களில் மற்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

நம் நாட்டிலும்...

டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் "பாஸ்" என்ற தொகுப்பைச் சென்னையில் உருவாக்கியது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில் அது இருந்தது.

மாற்ற விரும்புகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் போட்டோக்களையும் கணக்குகளையும் பிரதி எடுத்து வையுங்கள். டெபியனைப் பென் டிரைவில் ஏற்றி, பழையதை அழிக்காமலே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர் வேலை செய்கிறதா? பிள்ளைகளின் பாடத்துக்கு வேண்டியவை ஓடுகின்றனவா? சில ஓடாமலும் போகலாம்.

அதன்பின் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இதை நிறுத்துவதா, நடத்துவதா என்று முடிவு செய்வது யார்?"

ஊராட்சியில் ஓட்டுரிமை வேண்டும் என்கிறோம். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைக் கேட்டால் என்ன?