பணியிடத்தில் காயமுற்றால் உங்கள் சம்பளம்: பொதுத்துறை ஊழியர்களுக்கான விளக்கம்

லண்டனில் வாழும் தமிழர் பலர் நகரசபை அலுவலகங்களிலும், பாடசாலைகளிலும், என்.எச்.எஸ். வைத்தியசாலைகளிலும் பணியாற்றுகின்றனர். பணியின்போது காயமுற்று வீட்டில் இருக்க நேர்ந்தால், அதனைச் சாதாரண சுகவீன விடுமுறை என்றே பலரும் கருதிவிடுகின்றனர். சட்டமும் ஊழியர் ஒப்பந்தங்களும் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால் பல மாதச் சம்பளத்தை இழக்க நேரிடலாம்.

நகரசபை ஊழியர்கள்

பெரும்பாலான நகரசபை ஊழியர்களுக்கும், நகரசபைப் பாடசாலைகளின் சமையல், துப்புரவு, உதவிப் பணியாளர்களுக்கும் 'கிரீன் புக்' எனப்படும் தேசிய உடன்படிக்கை பொருந்துகின்றது. ஐந்து வருடங்களுக்கு மேல் சேவையாற்றியவருக்கு 6 மாதங்கள் முழுச் சம்பளமும், அடுத்த 6 மாதங்கள் அரைச் சம்பளமும் உண்டு. முதலாவது வருடத்தில் முழுச் சம்பளம் ஒரு மாதத்திற்கு மட்டுமே.

பணியின்போது ஏற்பட்ட விபத்து, தாக்குதல், தொழில்சார் நோய் ஆகியவற்றால் எடுக்கும் விடுமுறை தனிக் கணக்காகும். சாதாரண சுகவீன விடுமுறையை அதிலிருந்து கழிக்கக் கூடாது. உதாரணமாக, ஏழு வருடங்கள் சேவையாற்றிய ஒருவர் சத்திரசிகிச்சைக்காக மூன்று மாத விடுமுறை எடுத்துள்ளார். அதே வருடத்தில் அவர் பாடசாலைச் சமையலறையில் வழுக்கி விழுகின்றார். இது சாதாரண சுகவீனமாகப் பதியப்பட்டால் முழுச் சம்பளம் இன்னும் மூன்று மாதங்களுக்கே கிடைக்கும். பணியிட விபத்தாகப் பதியப்பட்டால் ஆறு மாதங்களும் கிடைக்கும்.

என்.எச்.எஸ். ஊழியர்கள்

என்.எச்.எஸ். ஊழியருக்கு 'இஞ்சுரி அலவன்ஸ்' என்னும் கொடுப்பனவு 2013 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. காயமோ நோயோ முழுமையாக அல்லது பெரும்பாலும் பணியினால் ஏற்பட்டிருக்க வேண்டும். சுகவீனச் சம்பளம் குறையும்போது, வருமானம் வழமையான சம்பளத்தின் 85 வீதத்தை எட்டும்வரை இக்கொடுப்பனவு ஈடுசெய்யும். வாரம் 400 பவுண் பெற்றவர் அரைச் சம்பளமாக 200 பவுண் பெறுகையில், அவரது வருமானம் 340 பவுண் வரை உயர்த்தப்படும். இக்கணக்கில் சில அரச உதவித்தொகைகளும் சேர்க்கப்படும். ஒரு காயத்திற்கு ஆகக் கூடியது 12 மாதங்கள் இது வழங்கப்படும். வேலைக்கு வழமையாகச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்து இதில் அடங்காது.

ஒப்பந்தக் கம்பனிகளின் ஊழியர்கள்

வைத்தியசாலையிலோ நகரசபைக் கட்டடத்திலோ பணிபுரிந்தாலும், உங்களுக்குச் சம்பளம் தருவது தனியார் கம்பனியாக இருக்கலாம். அவ்வாறாயின் மேற்கூறிய உடன்படிக்கைகள் உங்களுக்குப் பொருந்தாமற் போகலாம். உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையெனினும், 'ஸ்டாட்யூட்டரி சிக் பே' எனும் சட்டபூர்வ சுகவீனக் கொடுப்பனவு 28 வாரங்கள் வரை உண்டு. 2026 ஏப்ரல் 6 முதல் இது சுகவீனத்தின் முதல் நாளிலிருந்தே வழங்கப்படுகின்றது. குறைந்த வருமானம் பெறுவோரும் இதற்குத் தகுதியுடையவராவர்.

நீடிக்கும் பாதிப்புகளுக்கு

பாதிப்பு நீடித்தால் 'இன்டஸ்ட்ரியல் இஞ்சுரீஸ் டிஸேபிள்மென்ட் பெனிஃபிட்' எனும் அரச உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாக ஊனம் 14 வீதம் அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட வேண்டும். விபத்தின் பின், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, முதல் 90 நாட்களுக்கு இத்தொகை வழங்கப்படுவதில்லை. மீண்டும் வேலைக்குத் திரும்பியவரும் இதனைப் பெறலாம். ஆயினும் யூனிவர்சல் கிரெடிட் பெறுவோரின் தொகை இதனால் குறையக்கூடும்.

காயமுற்றதும் செய்யவேண்டியவை

• சிறு காயமாயினும் அன்றைய தினமே விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். நேரம், இடம், காரணம், கண்டவர் பெயர் ஆகியவை அதில் இருக்கவேண்டும். உங்களுக்கென ஒரு பிரதியை வைத்திருங்கள்.

• மேலாளருக்கு மின்னஞ்சல் மூலம் அறிவியுங்கள். வாய்மொழியாகக் கூறியதைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

• ஏழு நாட்களுக்கு மேல் விடுமுறை நீடித்தால் 'ஃபிட் நோட்' எனும் வைத்தியச் சான்றிதழ் அவசியம். காயம் வேலையில் ஏற்பட்டதென்பதை ஜீ.பி.யிடம் தெளிவாகக் கூறுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனின் முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

• சம்பளச் சீட்டைப் பாருங்கள். சாதாரண சுகவீனமாகக் கணக்கிடப்பட்டிருந்தால், திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள்.

• முதலாளியின் கவனக்குறைவே காரணமாயின், நட்டஈடு கோரி நீதிமன்றம் செல்லப் பொதுவாக மூன்று வருட கால எல்லை உண்டு.

முறையிட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் சிலர் விபத்தை மறைத்துவிடுகின்றனர். விபத்தைப் பதிவது குற்றச்சாட்டு அன்று. அது உங்கள் உரிமையாகும். ஐயம் இருப்பின் உங்கள் தொழிற்சங்கத்தையோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையோ, ஏகாஸ் அமைப்பின் 0300 123 1100 என்ற தொலைபேசி இலக்கத்தையோ நாடுங்கள்.