மரம் உடுத்தும் மேலாடை

மரத்தின் கனியை உண்கிறோம், நிழலில் இளைப்பாறுகிறோம், வெட்டிய தடியைக் கொண்டு வீடு கட்டுகிறோம். ஆனால் அதன் பட்டையை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கோ பட்டை அயலான பொருளன்று. தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கப்படும் மரக்குச்சி ஒவ்வொன்றும், பட்டை உரிக்கப்பட்ட மரத்தடியிலிருந்து சீவி எடுக்கப்பட்டதே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் இங்கு அத்தொழிலை ஊன்றிய நாள் முதல் எத்தனையோ மரங்கள் தம் மேலாடையைக் களைந்து நமக்கு உணவளித்துள்ளன.

பட்டை என்பது யாது?

பட்டையில் இரு பகுதிகள் உண்டு. வெளியே வெடித்தும் சொரசொரப்பாகவும் இருப்பது உயிரற்ற புறப்பட்டை. அது வெயிலையும் பூச்சியையும் தடுக்கும். தடித்த பட்டையாயின் காட்டுத் தீயையும் ஓரளவு தாங்கும். அதன் உள்ளே ஈரமாய் இருப்பது உயிருள்ள உட்பட்டை. இலைகள் சமைத்த உணவு இவ்வழியேதான் வேருக்கு இறங்குகிறது. ஆகவே மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், மேலே இலைகள் சில காலம் பசுமையாய் நிற்கும். கீழே வேர் பட்டினியால் மடியும். பின்னர் மரமும் மடியும். யோவேல் இறைவாக்கினர் வெட்டுக்கிளிகளின் அழிவை விவரிக்கையில், அத்தி மரம் பட்டை உரிக்கப்பட்டுக் கிளைகள் வெளுத்து நின்றதை எடுத்துரைப்பது இதனாலேயே நம் நெஞ்சைத் தொடுகிறது.

பயன்கள் பல

நம் கரிசல் நிலத்து ஓரங்களிலும் செம்மண் மேடுகளிலும் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியை அறியாதார் இலர். அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. திண்டுக்கல் முதலான ஊர்களின் தோல் பதனிடும் தொழில் முன்னாளில் இப்பட்டையைப் பெரிதும் நம்பியிருந்தது. கருவேலம்பட்டையும் தோல் பதனிட உதவும். அதன் கியாழத்தால் வாய் கொப்பளிப்பது நாட்டு வழக்கம். மருதம்பட்டையைச் சித்த மருத்துவர் இதய நோய்க்குப் பயன்படுத்துவர். எனினும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டைப் பொடியை மட்டும் நம்புவது அறிவுடைமை ஆகாது.

நம் சமையலறையிலுள்ள இலவங்கப்பட்டைக்குத் திருமறையில் தனி இடம் உண்டு. ஆண்டவர் மோசேக்குக் கற்பித்த திருப்பொழிவு எண்ணெயில் இப்பட்டையும் சேர்க்கப்பட்டதென விடுதலைப் பயண நூல் 30-ஆம் அதிகாரம் கூறுகிறது.

ஏழைகளைக் காத்த பட்டை

திருச்சபையின் வரலாற்றோடு பிணைந்த பட்டை சிங்கோனா. 17-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் மறைப்பணி ஆற்றிய இயேசு சபையார், குளிர்காய்ச்சலைத் தணிக்கும் இப்பட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். உரோமையில் கர்தினால் தெ லூகோ அதனை ஏழை நோயாளருக்கு வழங்கினார். 'இயேசு சபையார் பட்டை' என்றே அது பெயர் பெற்றது. 1820-இல் பிரெஞ்சு அறிஞர் பெல்த்தியேவும் கவந்தூவும் அதிலிருந்து கொய்னா மருந்தைப் பிரித்தெடுத்தனர்.

1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்மரம் நம் நீலகிரிக்கு வந்தது. அங்கே பயிரிடும் பொறுப்பை ஏற்ற மக்கைவர் என்பார் அரியதொரு முறையைக் கையாண்டார். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், நெடுக்குவாட்டில் ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாகப் பட்டையை உரித்து, காயத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். விட்டுவைத்த கீற்றுகள் வேருக்கு உணவளித்தன. உரித்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தது. போர்த்துகல் நாட்டில் தக்கை மரத்தின் புறப்பட்டையை உட்பட்டைக்கு ஊறின்றி உரித்து, மீண்டும் உரிக்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கின்றனர். எடுப்பவன் காத்திருக்கக் கற்றால் கொடுப்பது பிழைக்கும்.

நம் தோலும் ஒரு பட்டையே

வெடிமருந்தோடு பழகும் நம் மக்கள் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். மரத்துக்குத் தீயைத் தாங்கும் தடித்த பட்டையை இறைவன் ஈந்தார். நமக்கோ மெல்லிய தோலே அமைந்தது. தோல் பெரிதும் வெந்துவிட்டால் உடலின் நீர் வற்றும்; நோய்க்கிருமிகள் எளிதில் புகும்; உயிருக்கே கேடு நேரும். எனவே தீக்காயம் பட்டவுடன் பட்டை அரைத்துப் பூசுவது, மை தடவுவது, பற்பசை அப்புவது ஆகியவற்றை அறவே விலக்குக. தீயை அணைத்து, ஆளைத் தீயிடத்திலிருந்து அகற்றி, காயத்தின் மீது தூய குளிர்ந்த நீரை இருபது நிமிடங்கள் ஓடவிடுக. பனிக்கட்டி வேண்டா. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்தெடுக்காது, தூய துணியால் தளர மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பெருங்காயமாயின் நீரூற்றும் பொருட்டு மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப் போடலாகாது. இதனை வீட்டில் உள்ள சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மரத்தையும் அவ்வாறே காப்போம். மருந்துக்குப் பட்டை வேண்டுமாயின் அடிமரத்தைச் சுற்றி உரிக்காமல், கவாத்துச் செய்த கிளையிலிருந்து எடுப்போம். கோயில் வளாகத்து வேம்பில் ஆணி அறைந்து விளம்பரம் தொங்கவிடுவதையும், கம்பியால் இறுகக் கட்டுவதையும் கைவிடுவோம். தொழிற்கூடத்தில் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தி ஆதாயம் தேடுவதும் பட்டையைச் சுற்றி உரிப்பதற்கு ஒப்பாகும். இலை பசுமையாய்த் தெரியும், வேர் அழிந்துகொண்டிருக்கும். உழைக்கும் உடலைக் காப்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே உரிய கடமை. மரத்துக்குப் பட்டையையும் மனிதனுக்குத் தோலையும் போர்த்திய இறைவன், அவற்றைக் காக்கும் பொறுப்பை நம் கையில் ஒப்படைத்துள்ளார்.