குழந்தைக்கு இரவும் பகலும் பழக்குவோம்



தூக்கத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியலுக்கு முன்புதான். இரவில் இலைகள் நீரை அதிகமாக ஆவியாக விடுவதில்லை. அதனால் மரத்தில் நீர் நிறைந்து, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கிறது. வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைந்துவிடுகிறது. பேராக் மாநிலத்தில் 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிற்காலத்தில் தோட்டங்கள் பெருகியபோது மரத்தின் நேரமே மனிதரின் நேரமாயிற்று. இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய்மார்கள் எத்தனை பேர்!

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடியேறித் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கின்றன. ஆயினும் அதிகாலையில் எழ வேண்டிய கட்டாயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரவு முழுதும் பிள்ளை அழுதால் தாய் எப்படி வேலைக்குப் போவாள்? ஆகவே, கைக்குழந்தைக்கு நல்ல தூக்கப் பழக்கத்தை எவ்வாறு உண்டாக்குவது என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிறந்த குழந்தைக்கு அந்தக் கடிகாரம் இன்னும் சரியாக ஓடத் தொடங்கவில்லை. ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்களில்தான் அது இரவையும் பகலையும் பிரித்தறியத் தொடங்குகிறது. எனவே, நள்ளிரவில் விழித்துச் சிரிக்கும் பிள்ளையை ‘பிடிவாதக்காரப் பிள்ளை’ என்று சொல்லாதீர்கள். பாவம், அதற்கு மணி பார்க்கத் தெரியாது.

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் தாய்க்கு 98 நாட்கள் பேறுகால விடுமுறை அளிக்கிறது. அதாவது பதினான்கு வாரங்கள். குழந்தையின் உடற்கடிகாரம் ஓடத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே காலத்துக்குள்தான். ஆகவே அந்த 98 நாட்களைப் பயிற்சிக் காலமாக எண்ணிக்கொள்ளுங்கள். தாய் மீண்டும் வேலைக்குத் திரும்பும்போது, பிள்ளைக்கு இரவு இரவாகத் தெரிந்திருந்தால் இருவருக்கும் நல்லது.

இதற்கு முதல் ஆசிரியர் வெளிச்சம். தீபகற்ப மலேசியாவில் ஆண்டு முழுதும் சூரியன் ஏறக்குறைய காலை ஏழு மணிக்கு எழுந்து, மாலை ஏழு, ஏழரை மணியளவில் மறைகிறது. இந்த ஒழுங்கு நமக்குக் கிடைத்த வரம். காலையில் சன்னலைத் திறந்துவிடுங்கள். பிள்ளையை வாசல் நிழலில் சிறிது நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பேசுங்கள், விளையாடுங்கள். பகலில் அது தூங்கும்போது வீட்டை இருட்டாக்க வேண்டாம். வழக்கமான ஓசைகள் இருக்கட்டும். பொழுது சாய்ந்ததும் விளக்கைக் குறையுங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பிள்ளை படுக்கும் இடத்தில் வேண்டாம்.

இரண்டாவது ஆசிரியர் ஒழுங்கு. நாள்தோறும் ஒரே வரிசையில் காரியங்கள் நடக்கட்டும். மாலையில் வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றி, பால் கொடுத்து, தாலாட்டுப் பாடுங்கள். பாட்டுக் கேட்டதும் அடுத்தது தூக்கம் என்று பிள்ளை மெல்லப் புரிந்துகொள்ளும். புதுப் புதுப் பாட்டு வேண்டியதில்லை. தெரிந்த ஒரே பாட்டே போதும். குரல் இனிமையாக இல்லையே என்று வெட்கப்படவும் வேண்டாம். பிள்ளைக்குத் தாயின் குரல்தான் பழகிய குரல்.

கொட்டாவி விடுதல், கண்ணைக் கசக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை தூக்கத்தின் அறிகுறிகள். அப்போதே படுக்க வையுங்கள். நேரம் கடந்து களைத்துப்போன பிள்ளை தூங்குவதற்குப் பதிலாக வீறிட்டு அழும். கண் சொருகும் நேரத்தில், முழுதும் தூங்குமுன்பே பாயில் கிடத்திப் பழக்கினால், இடையில் விழித்தாலும் தானே மறுபடியும் தூங்கக் கற்றுக்கொள்ளும்.

இரவில் பால் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். சிறு வயிறு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். மங்கிய வெளிச்சத்தில், பேச்சும் கொஞ்சலும் இல்லாமல் கொடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்னும் பொருள் இருக்கிறது. வயிறு நிறைந்தால் தூங்கும் என்று எண்ணி முன்கூட்டியே கஞ்சி கரைத்து ஊட்ட வேண்டாம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இன்னொன்று. பெரியவர்களின் தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். கைக்குழந்தைக்கோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை நெளியும், முனகும். உடனே தூக்கிவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல நேரங்களில் அது தானே அடங்கிவிடும். உண்மையாகவே அழுதால் எடுத்து அணைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். ‘குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும்’ என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது; மூச்சு முட்டினால் எளிதில் விழித்துக்கொள்வதில்லை. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் ‘குழந்தையை மல்லாத்திப் படுக்க வையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கியது. அதன்பின் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் அந்நாடுகளில் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் மல்லாத்தியே படுக்க வையுங்கள். படுக்கை சமதளமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் அருகில் வேண்டாம். கொசுவலை இருக்கட்டும்.

துணித் தொட்டிலும் ஸ்பிரிங் தொட்டிலும் நம் வீடுகளில் உண்டு. அவற்றில் பிள்ளையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுவழி குறுகலாம். அழுகையை அடக்க, ஒருவர் அருகில் இருந்து மெதுவாக ஆட்டலாம். வேகமாகக் குலுக்கக் கூடாது. பிள்ளை கண்ணயர்ந்ததும் எடுத்துப் பாயில் கிடத்துங்கள். தாய் படுக்கும் அறையிலேயே, தனிப்பாயில் பிள்ளை படுப்பது சிறந்தது. குடித்திருப்பவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கவே கூடாது. அறைக்குள் சிகரெட் புகையும் ஆகாது.

பிள்ளை தூங்கட்டும் என்று சளி மருந்தோ வேறு மருந்தோ கொடுக்கும் வழக்கம் கொடியது. இது புதிதும் அன்று. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையத்தின் அறிக்கை 1931-இல் வெளிவந்தது. ஆலைகளில் வேலை செய்த பெண்கள் கைக்குழந்தைக்கு அபினி கொடுத்துத் தூங்கவைத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தத் தாய்மார்கள் அன்பில்லாதவர்களா? பிள்ளையை விட்டுச் செல்ல இடமில்லாதவர்கள். ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. நம் நாட்டிலும் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கு இடமுண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் மேலே சொன்னவற்றைச் சொல்லி வையுங்கள். ஒரே ஒழுங்கு இரண்டு இடத்திலும் இருந்தால்தான் பிள்ளை குழம்பாது.

தந்தையருக்கும் ஒரு சொல். 2023 முதல் உங்களுக்கும் 7 நாட்கள் விடுமுறை உண்டு. ஆனால் பொறுப்பு ஏழு நாளோடு முடிவதில்லை. இரவில் ஒருமுறை எழுந்து துணி மாற்றுங்கள். தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடக் கிடைத்தால், மறுநாள் வேலையில் கை தவறாது. பிள்ளை மேல் எரிச்சலும் வராது.

எவ்வளவு தூங்கினால் போதும்? முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம். நான்கு முதல் பதினொரு மாதம் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரம். இது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அளவு. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

ஆனால் பால் குடிக்க மறுத்து, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ ஒரு பொழுதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இதற்கெல்லாம் காசு பெரிதாகத் தேவையில்லை. காலை வெளிச்சம், மாலை இருட்டு, ஒரே பாட்டு, ஒரு தட்டையான படுக்கை, கொஞ்சம் பொறுமை ஆகியவை எந்த லயத்து வீட்டிலும் கிடைக்கும். இன்று மாலையே விளக்கைக் குறைத்துத் தொடங்குங்கள்.