மரமா, பிளாஸ்டிக்கா?

சின்னக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 2019-ல் அத்திவரதர் எழுந்தருளியபோது உங்களில் பலர் தரிசித்திருப்பீர்கள். 40 ஆண்டுகள் நீருக்குள் இருந்த அத்தி மரத் திருமேனி! அருள் ஒருபுறமிருக்க, மரத்தின் குணமும் ஒன்றுண்டு. காற்றுப் படாமல் நீரில் மூழ்கிய மரம் எளிதில் இற்றுப்போவதில்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் மரம்தான் இற்றுப்போகிறது. நம் வீட்டு ஜன்னலின் கதி அதுதானே?

ஐப்பசி மழையில் ஜன்னல் உப்பிக்கொண்டால் உடனே பெயர்த்தெறிந்து பிளாஸ்டிக் (யு.பி.வி.சி.) ஜன்னல் வைக்க அவசரப்படாதீர்கள். கீழ்ச் சட்டத்தின் மூலையை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், மழை ஓய்ந்து மரம் காய்ந்தபின் தச்சர் லேசாக இழைத்துக் கொடுத்தாலே போதும். மூலை மட்டும் போயிருந்தால் ஒட்டுப் போடலாம்.

சட்டம் முழுவதையும் கறையான் அரித்துவிட்டதா? அப்போது பிளாஸ்டிக் நல்லதுதான்; கறையான் அண்டாது, வர்ணமும் வேண்டாம். ஆனால் மூலை விட்டுப்போனால் தச்சரால் சேர்க்க முடியாது. பழைய நிலைக்குள்ளேயே அதைப் பொருத்தினால் வெளிச்சமும் குறையும். தறி இருக்கும் வீட்டில் அது நெசவு செய்பவரின் கண்ணுக்கல்லவா கேடு?

எதை வைத்தாலும் சரி, மேலே சன்ஷேடும் கீழே வெளிப்புறச் சரிவும் இருக்கட்டும். தண்ணீர் தேங்காத ஜன்னலுக்கு ஆயுள் அதிகம்.