சங்கிலிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் லப்பைக்குடிக்காட்டில் மளிகைச் சரக்கைக் கடை கடையாகக் கொண்டு சேர்ப்பது மொபெட் வண்டிதான். கணக்குப் புத்தகத்தை நாள் தவறாமல் பார்க்கும் நாம், அந்த வண்டியின் சங்கிலியைப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் திட்டக்குடிக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற எங்கள் வண்டியின் சங்கிலி ஆற்றுப் பாலத்தில் அறுந்தது. அன்று வாடிக்கைக் கடைக்காரர் வேறு மண்டியில் வாங்கிக்கொண்டார். ஆத்திரத்தில், "தினமும் எண்ணெய் போடப்பா" என்று கடைத் தம்பியிடம் சொன்னோம். எப்படிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுத் துணியால் துடைத்தார். துணியோடு விரலும் பல்சக்கரத்தில் சிக்கியது. விரல் நுனி போய்விட்டது. குற்றம் எங்களுடையதுதான்.

பிறகு மெக்கானிக் சங்கிலியைக் கையில் எடுத்துக் காட்டினார். "பாய், எண்ணெய் மேலே வழியுது, உள்ளே போகலையே!" என்றார். ஹான்ஸ் ரெனால்டு 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைய சங்கிலிக்கும் மூலம். ஒவ்வொரு கண்ணிலும் பின், அதன்மேல் புஷ், அதன்மேல் உருளை இருக்கும். பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்துக்குத்தான் எண்ணெய் தேவை. மேலே வழியும் எண்ணெய் ஆற்று மணலையும் புழுதியையும் பிடித்து, உப்புத்தாள் போல் இரும்பைத் தேய்க்கும்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கை நீக்கித் துடைக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, கீழ்ச் சங்கிலியின் உட்புறத்தில், தகடுகளின் இடுக்கில் கண்ணுக்கு ஒரு சொட்டு 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். விரல் பல்சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது. சற்று நேரம் ஊறவிட்டு, வெளியே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். மழையில் நனைந்தால் மறுநாளே இதைச் செய்வது நல்லது.

கடையில் இருக்கிறதே என்று கடலை எண்ணெய் விட வேண்டாம். நாளடைவில் அது பிசினாகிவிடும். கழிவு ஆயிலும் ஆகாது. அதில் இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும்.

சங்கிலி "நீளுகிறது" என்கிறோம். உண்மையில் பின்கள் தேய்வதால் வரும் நீளம் அது. அரை அங்குலக் கண் கொண்ட புதுச் சங்கிலியில் 24 கண் 12 அங்குலம் இருக்கும். அது 12¼ அங்குலம் ஆனால் மாற்றிவிட வேண்டும். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவதே லாபம். தொய்வை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் கெடும்.

நம் மாவட்டத்தில் மக்காச்சோளம் உடைக்கும் இயந்திரம் வைத்திருப்போரும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அவற்றில் சங்கிலி உள்ளவற்றுக்கும் இதே விதிதான். ஆயில் விற்கும்போது, "மெஷினை நிறுத்திட்டுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை அன்று நாங்கள் சொல்லியிருந்தால் எங்கள் தம்பியின் விரல் முழுதாக இருந்திருக்கும்.