புதிய நகரில் முதல் நாள்

முன்பின் அறியாத நகரத்துக்குத் தனியே போகிறவனுக்குக் கையில் பணம் குறைவாக இருப்பது ஒரு வகையில் நன்மையே. பணமுள்ளவன் நிலையத்தில் வண்டி ஏறி விடுதி வாசலில் இறங்குகிறான். ஊர் அவனுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சி. பணமில்லாதவனோ நடக்கிறான், வழி கேட்கிறான், தவறான இடத்தில் இறங்கித் திரும்பி வருகிறான். பொழுது சாய்வதற்குள் ஊர் அவனுக்குப் பாதி பிடிபட்டு விடுகிறது. வறுமையைப் புகழ்கிறேன் என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டா. 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, சென்னை எழும்பூர் நிலையத்தில் முதன்முறையாக இறங்கியபோது என்னிடம் இருந்தது 400 ரூபாய். அந்த ஒரு நாளின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அடையாற்றில் ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பொங்கல் கழிந்ததும் சேர வேண்டும். அதற்குள் குறைந்த வாடகையில் ஓர் அறை பிடித்தாக வேண்டும். சென்னையில் பெருவெள்ளம் வந்து போய் ஒரு திங்களே ஆகியிருந்தமையால் அம்மா என்னை அனுப்பவே தயங்கினார். தாத்தா மட்டும் ஒன்று சொன்னார்: "புது ஊருக்குப் போனால் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார். பிறகு மனிதரைப் பார்." தென்காசிப் பக்கத்தில் வழிப்போக்கர்கள் ஊருக்குள் நுழையும் முன் படித்துறையில் கால் கழுவுவார்கள், அங்கேயே ஊர்ச் செய்தி முழுவதும் காதில் விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சொன்ன சொல் அது. சென்னையில் அதற்கு என்ன பயன் என்று நான் அப்போது மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

எழும்பூரில் ஆட்டோக்காரர் ஒருவர் மயிலாப்பூருக்கு 250 ரூபாய் கேட்டார். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013இல் அரசு வகுத்த கட்டணத்தை ஊரிலேயே குறித்து வைத்திருந்தேன். அந்தக் கணக்குப்படி 80 ரூபாயே மிகுதி. ஆகவே மின்சார ரயிலில் அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கி, சற்று நடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினேன். 10 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அந்த ரயில் உயரத் தூண்களின் மேல் ஓடுவது. சன்னல் வழியே குனிந்து பார்த்தால், தூண்கள் நிற்பது ஒரு கால்வாய்க்குள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி, 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. ஒரு காலத்தில் படகு போன வழி அது. இன்று தூண்களுக்கிடையே கறுத்த நீர் நெருக்கிக்கொண்டு தேங்கி நிற்கிறது.

திருவல்லிக்கேணியில் இறங்கி, எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் தங்கியிருந்த மேன்ஷனில் பையை வைத்தேன். தனியாகப் பிழைக்க வந்தவர்கள் ஓர் அறையில் மூவர் நால்வராகத் தங்கும் கட்டிடங்களுக்கு அங்கே மேன்ஷன் என்று பெயர். "இரண்டு இரவு படுத்துக்கொள், மூன்றாம் நாள் மேலாளர் கணக்குக் கேட்பார்," என்றார் அண்ணாச்சி. பணத்தில் பாதியைச் சட்டைப்பையிலும் பாதியை உள்பையிலும் பிரித்து வைக்கச் சொன்னவரும் அவரே. மாணவர்கள் இதை மறவாதிருப்பது நல்லது.

மயிலாப்பூரில் மார்கழிக் கோலங்கள் இன்னும் அழியவில்லை. மலிவு உணவுக்காக 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகம் ஒன்றில் 5 ரூபாய்க்கு ஐந்து இட்டிலி தின்றுவிட்டுக் கபாலீசுவரர் கோயிலுக்குப் போனேன். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இப்போதைய கோயில் இங்கே எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எனக்கு அன்று கோபுரத்தைவிடக் குளமே கண்ணில் நின்றது. மேற்கே அகன்று கிடக்கும் தெப்பக்குளம் படிகள் மறைய நிறைந்திருந்தது. படியில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், "பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இதற்குள் பையன்கள் பந்து விளையாடினார்கள் தம்பி," என்றார். அவர் சொன்னது மெய்யே. அக்காலத்தில் குளம் வறண்டு கிடந்தது. மழைநீரைச் சேமிக்கும் அமைப்பு ஒவ்வொரு கட்டிடத்திலும் இருக்க வேண்டும் என்று 2003இல் தமிழக அரசு ஆணையிட்ட பிறகே நகரத்தின் நிலத்தடி நீருக்கு உயிர் திரும்பியது. ஒரே குளம், ஒரு தலைமுறைக்குள் விளையாட்டுத் திடலாகவும் இருந்திருக்கிறது. கரை தளும்பியும் நிற்கிறது.

லஸ் முனையில் தியாகராய நகருக்குப் பேருந்து ஏறினேன். லஸ் என்பது ஒளி என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல். அங்குள்ள ஒளி மாதா கோயிலால் வந்த பெயர். பேருந்துகளில் பலகையின் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும். வெள்ளைப் பலகை சாதாரணப் பேருந்து. அதில் அன்று குறைந்த கட்டணம் 3 ரூபாய். 2018இல் அது 5 ரூபாய் ஆயிற்று. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமே இல்லை. இதையெல்லாம் எவரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் ஊரில் நான் கண்டிராத ஒன்றை அந்தப் பேருந்தில் கண்டேன். நடத்துநர் தம் இருக்கையை விட்டு எழவில்லை. நெரிசலில் முன்னால் நின்ற நான் 50 ரூபாய்த் தாளை நீட்டியபடி விழித்தேன். பக்கத்தில் நின்றவர் அதை வாங்கிப் பின்னால் கொடுத்தார்; அவர் அடுத்தவரிடம்; அப்படியே ஆறேழு கை மாறிப் போயிற்று. என் சொத்தில் எட்டில் ஒரு பங்கு கண்ணுக்கு மறைந்தது. என் முகத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், "அஞ்சாதே தம்பி, வரும்," என்றார். வந்தது. சீட்டும், அதைச் சுற்றி மடித்த தாள்களும், சில்லறையும் ஒன்று குறையாமல் கைகள் வழியே திரும்பின. வந்த வழியில் ஒருவராவது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காலையில் 250 ரூபாய் கேட்டதால் உண்டான கசப்பு அந்தக் கணமே தீர்ந்தது.

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உள்பை பத்திரமாக இருந்தது என்பதோடு விடுகிறேன். வெயிலுக்கு ஒதுங்கிப் பனகல் பூங்காவில் உட்கார்ந்தேன். அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம், தாத்தாவின் சொல் நினைவுக்கு வர, விளையாட்டாகவே கேட்டேன்: "ஐயா, இங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது?" அவர் காலால் தரையைத் தட்டி, "இதுதான் தண்ணீர்," என்றார்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரி ஒன்று இருந்ததாம். 1920களில் அதை வடித்து மனைகளாக்கி எழுப்பியதே இந்த நகர். நீதிக்கட்சியின் ஆட்சிக் காலம் அது. அதனால் தெருக்களையும் பூங்காக்களையும் வரிசையாகப் படித்தாலே அக்கட்சியின் வரலாறு வந்துவிடும்: 1925இல் மறைந்த தியாகராயச் செட்டியார், முதலமைச்சராயிருந்த பனகல் அரசர், டாக்டர் நாயர், உசுமான், நடேசனார். ஏரியின் வரலாற்றையும் பெயர்களிலேயே தேடலாம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு சாலை இருக்கிறது. அங்கே ஏரிக்கரை இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. அங்கிருந்து பார்க்க ஏரி இல்லை. "சென்ற திங்கள் மட்டும் ஏரி தெரிந்தது. தன் வீடு எது என்று தண்ணீருக்கு மறக்கவில்லை, தம்பி," என்றார் ஆசிரியர். அவர் வீட்டுக்குள் இரண்டு நாள் நீர் நின்றதாம்.

அடையாற்றுக்குப் போகும் பேருந்து சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தைக் கடந்தது. கீழே ஆறு, ஒன்றும் அறியாதது போல மெலிந்து ஓடியது. ஆனால் கரையோர மரக்கிளைகளில், மனிதர் கைக்கு எட்டாத உயரத்தில், கந்தல் துணிகள் தொங்கின. 2015 திசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அத்தனையும் இந்த ஆற்று வழியேதான் கடலுக்குப் போக வேண்டும்.

தரகர் காட்டிய அறை கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளத்தில் இருந்தது. வாடகை நான் எண்ணியதில் பாதி. முன்பணமும் குறைவு. சுவர்களுக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. மறுநாளே ஊரிலிருந்து பணம் வருவித்து முன்பணம் தருவதாக வாய்வரை வந்துவிட்டது. தாத்தாவின் கேள்வி மட்டும் உறுத்தியது. எதிர் வாசலில் விறகு காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "பாட்டி, இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டேன். அவர் தரகரை ஒரு முறை பார்த்தார், பிறகு, "அறைக்குள் போய்ப் பாரப்பா. சுண்ணாம்பு எதுவரை புதிதோ அதுவரை," என்றார்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். என் கழுத்துக்குச் சற்று மேலே சுவரின் நிறம் மாறியிருந்தது. அதற்கு மேல் பழைய மஞ்சள். கீழே பளிச்சென்ற வெள்ளை. கதவின் உட்பக்கத்தில் தேய்த்தும் போகாத சேற்றுக்கோடு அதே உயரத்தில் ஓடியது. தரகர், "நூறாண்டுக்கு ஒரு தரம் வருவது, சார்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூதாட்டியிடம், "நீங்கள் மட்டும் இங்கேயே இருக்கிறீர்களே?" என்றேன். "உனக்கு வேறு அறை கிடைக்கும். நாங்கள் எங்கே போவது?" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, இன்றும் இல்லை.

கோட்டூர்புரம் நிலையத்தில் திருவல்லிக்கேணிக்குச் சீட்டு வாங்கினேன். ரயில் அடையாற்றைக் கடக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆற்றின் இருகரையிலும் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. மேன்ஷனில் அண்ணாச்சி, "அறை கிடைத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைய செலவு 60 ரூபாய்க்குள் அடங்கியிருந்தது. நான்கு நாள் தேடியபின் மயிலாப்பூரில், மாடியில், இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்ளும் ஓர் அறை கிடைத்தது. வாடகை அந்த அறையைவிட 700 ரூபாய் அதிகம். அங்கே குடியேறிய அன்றும் கீழ்த்தளத்துச் சுவரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.