கள்ளக்குறிச்சி டு புதுச்சேரி: உங்க ஃபேவரிட் பீட்சா கடை உண்மையில் எவ்வளவு வாங்குது?



"பெஸ்ட் பீட்சா எந்த ஊர்ல கிடைக்கும்?" இந்தக் கேள்வியை உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பாருங்க. ஒருத்தர் புதுச்சேரிம்பார். இன்னொருத்தர் கொடைக்கானலை விட்டுக்கொடுக்க மாட்டார். மூணாவது ஆள் "எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற பேக்கரி போதும்பா"னு முடிச்சிடுவார். எல்லாரும் ருசியைப் பத்திதான் பேசுவாங்க. மொத்தம் எவ்வளவு ஆச்சுனு யாரும் கேட்கறதில்லை.

அதை இங்க கேட்டுப் பார்க்கலாம். பயப்படாதீங்க, "பீட்சாவை விட்டுட்டு அந்தக் காசை எஸ்ஐபி போடுங்க"னு சொல்லப் போறதில்லை. சாப்பிடுங்க. ஆனா நீங்க கொடுக்கிற பணத்துல பீட்சாவுக்கு எவ்வளவு போகுது, மத்ததுக்கு எவ்வளவு போகுதுனு தெரிஞ்சு சாப்பிடுங்க. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துல இருந்து கிளம்பி சென்னையிலோ பெங்களூருவிலோ முதல் வேலையில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப அவசியம். ஏன்னா அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு வீடும் இருக்கு.

ஊர் ஊரா பேர் வாங்கின கடைகள்

இந்தியாவில் டோமினோஸ் முதல் கடையை 1996-ல் டெல்லியில் திறந்தது. அதே வருஷம் பீட்சா ஹட் பெங்களூருவில் வந்தது. நம்ம பக்கம் இருபது வயசுக்காரங்களுக்கு பீட்சான்னாலே இந்த மாதிரி செயின் கடைதான் ஞாபகம் வரும். ஆனா அந்தந்த ஊரோட அடையாளமா நிற்கிற கடைகள் தனி.

புதுச்சேரியில் மிஷன் வீதியில இருக்கிற கஃபே எக்ஸ்டஸி, ஆரோவில் பக்கம் டான்டோ, கொடைக்கானலில் கிளவுட் ஸ்ட்ரீட், ஊட்டியில் சைட்வாக் கஃபே, சென்னை நுங்கம்பாக்கத்தில் டஸ்கானா. பீட்சா பிரியர்கள்கிட்ட கேட்டா இந்தப் பேர்கள் திரும்பத் திரும்ப வரும். இதில் பல கடைகளின் பெருமை விறகு அடுப்பு.

விறகு அடுப்பு பீட்சா ஏன் விலை கூட? பீட்சாவின் தாய்வீடான இத்தாலியின் நேப்பிள்ஸ் முறைப்படி, அடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடா இருக்கணும். பீட்சா 60 முதல் 90 நொடியில் வெந்துடும். அந்த ஊர் பீட்சா மாஸ்டர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017-ல் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 90 நொடி வேலைக்கு அடுப்பு மணிக்கணக்கா எரியணும், மாவு பல மணி நேரம் புளிக்கணும், கைதேர்ந்த ஆள் நிற்கணும். டூரிஸ்ட் ஊர் வாடகையும் சேரும். அந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கு.

கள்ளக்குறிச்சி நான்குமுனை சந்திப்பு, துருகம் சாலை மாதிரி கடைத்தெரு பேக்கரியில் கிடைக்கிறது வேற வகை. பன்னுக்கும் பிரட்டுக்கும் வச்சிருக்கிற அதே அடுப்பு, மெத்துனு ஒரு பேஸ், மேலே வெங்காயம், குடமிளகாய், ஸ்வீட் கார்ன், பன்னீர். அடுப்புச் செலவு மத்த பொருட்களோட பகிர்ந்துக்குது, அதனால விலை குறைவு. இதையும் அதையும் பக்கத்தில் வச்சு "எது பெஸ்ட்?"னு கேட்கறது இட்லியையும் இடியாப்பத்தையும் ஒப்பிடற மாதிரி. மாசத்துக்கு ஒரு தடவை நண்பர்களோட சாப்பிட ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட போக ஒண்ணுனு ரெண்டு ஃபேவரிட் வச்சுக்கலாம்.

முதல் கணக்கு: இன்ச்

மெனுவில் 7 இன்ச், 10 இன்ச், 12 இன்ச்னு போட்டிருக்கும். அது விட்டம். நீங்க சாப்பிடறது பரப்பளவு. 7 இன்ச்சுக்கும் 10 இன்ச்சுக்கும் வித்தியாசம் மூணு இன்ச்தானேனு தோணும். ஆனா தோசைக்கல்லை நினைச்சுப் பாருங்க, கல் கொஞ்சம் பெருசானாலே ஊத்துற மாவு எவ்வளவு கூடுது!

சுலபமான வழி: விட்டத்தை அதே எண்ணால் பெருக்குங்க.

- 7 இன்ச்: 7 × 7 = 49
- 10 இன்ச்: 10 × 10 = 100
- 12 இன்ச்: 12 × 12 = 144

அதாவது ரெண்டு 7 இன்ச் பீட்சா சேர்ந்தாலும் (98) ஒரு 10 இன்ச்சை (100) தொடாது. இப்போ "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" போர்டைப் பாருங்க. 7 இன்ச் ஒண்ணு ₹300, இன்னொண்ணு இலவசம். அதே கடையில் 10 இன்ச் ₹280-னு இருந்தா, அந்த "இலவசத்துக்கு" நீங்க ₹20 கூடுதலா கொடுக்கறீங்க.

விலையை இந்த எண்ணால் வகுத்தா ஒப்பிடறது ஈஸி. 7 இன்ச் ₹150-ன்னா 150 ÷ 49 = 3.06. 10 இன்ச் ₹280-ன்னா 2.80. 12 இன்ச் ₹400-ன்னா 2.78. எண் குறைஞ்சா லாபம். பத்துல இருந்து பன்னிரண்டுக்குப் போறப்போ பெரிய லாபம் இல்லைங்கறதையும் கவனிங்க. இந்த ஒப்பீட்டை ஒரே கடைக்குள்ள, ஒரே வகை பீட்சாவுக்கு மட்டும் போடுங்க. தனியா சாப்பிடறவங்களுக்கு சின்னதே போதும், பாதியை வீணாக்கினா எந்தக் கணக்கும் நிற்காது.

இரண்டாவது கணக்கு: பில்லோட கீழ்ப்பாதி

சாதாரண ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5%. ஒரு நாள் அறை வாடகை ₹7,500-க்கு மேல் போகிற ஸ்டார் ஹோட்டல் வளாகத்துக்குள் சாப்பிட்டா 18% வரலாம். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். தெரியாத விஷயங்கள் மூணு.

ஒண்ணு, வருஷ வரவு ₹20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன கடை ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாத கடை உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்க முடியாது.

ரெண்டு, ₹1.5 கோடி வரைக்கும் வரவு உள்ள ரெஸ்டாரண்ட் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அவங்க வரியைத் தங்கள் கையில் இருந்துதான் கட்டணும், பில்லில் தனியா போட்டு வாங்கக் கூடாது. "பில் ஆஃப் சப்ளை"னு கொடுப்பாங்க. பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தா ஜிஎஸ்டி எண் இருக்கானு பாருங்க. தமிழ்நாட்டுக் கடைன்னா அது 33-ல் தொடங்கும்.

மூணு, சர்வீஸ் சார்ஜ். இது வரி கிடையாது. இதைக் கட்டாயமா வாங்கக் கூடாதுங்கிற விதிமுறையை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

2025 செப்டம்பர் 22-ல் இருந்து சீஸ் மேல் ஜிஎஸ்டி 12%-ல் இருந்து 5% ஆச்சு. பீட்சா பிரட்டுக்கு 5% இருந்தது, இப்போ வரியே இல்லை. ஆனா கடை பில்லில் அதே 5%தான் வரும், ஏன்னா அது ரெஸ்டாரண்ட் சேவைக்கான வரி. இந்தக் குறைப்பு நேரடியா தெரியறது வீட்டில் செய்யறவங்களுக்குத்தான்.

மூணாவது கணக்கு: ஆப்

ஒரே கடை, ஒரே பீட்சா. ஒரு உதாரணம் போடலாம், உங்க ஊர் ரேட்டை மாத்திப் போட்டுக்கோங்க.

நேரில் போனா: பீட்சா ₹300, ஜிஎஸ்டி ₹15. மொத்தம் ₹315.

ஆப்பில்: கமிஷனை ஈடுகட்ட விலையைக் கூட்டி ₹345. பேக்கிங் ₹20. இந்த ₹365 மேல் 5% ஜிஎஸ்டி, ₹18 சொச்சம். டெலிவரியும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் சேர்த்து ₹52. அது மேல் 18%, ₹9 சொச்சம். மொத்தம் கிட்டத்தட்ட ₹445.

இன்னொரு விஷயம். 2022 ஜனவரி 1 முதல் ஆப் மூலமா வர்ற உணவுக்கு ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே வசூல் பண்ணிக் கட்டணும். அதனால ஜிஎஸ்டி பதிவே இல்லாத உங்க தெரு பேக்கரியில் நேரில் வாங்கினா வரி இல்லை, அதே பீட்சாவை ஆப்பில் போட்டா 5% உண்டு.

வித்தியாசம் ₹130. மாசம் 4 தடவைன்னா ₹520, வருஷத்துக்கு ₹6,240. இந்தப் பணத்தில் ஒரு துண்டு பீட்சாகூட நீங்க கூடுதலா சாப்பிடலை. பில் பெருசாச்சு, ஆனா சின்ன கடைக்காரர் கைக்குப் போகும்போது கமிஷன் கழிஞ்சுடுது. போன் பண்ணி ஆர்டர் சொல்லிட்டு, நடந்து போய் வாங்கிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் லாபம். மழை, நைட் ஷிஃப்ட், காய்ச்சல்னா ஆப் தாராளமா பயன்படுத்துங்க. அப்போ அந்த ₹130-க்கு ஒரு வேலை இருக்கு.

அந்த ₹6,240-ஐ வேற மாதிரி செலவு பண்ணிப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சியில் இருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியா புதுச்சேரி நூறு கிலோமீட்டர் சொச்சம். அப்பா, அம்மா, தம்பி, நீங்க. பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு வழிக்கு ₹150 வச்சாலும் போக வர ₹1,200. விறகு அடுப்பு பீட்சா மூணு, ஒண்ணு ₹600 வீதம் வரியோட ₹1,890. ஆட்டோ, டீ, தண்ணி ₹700. மொத்தம் ₹3,790. கடற்கரையில் உட்கார்ந்து எழுந்து வந்த பிறகும் கையில் ₹2,450 மிச்சம்.

கல்வராயன் மலைக்குப் போறீங்களா?

லீவுக்கு நண்பர்களைக் கூட்டிட்டு வந்தா அடுத்த பிளான் கல்வராயன் மலைதான். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினா பெரியார் அருவி, வெள்ளிமலை, கரியாலூர். அங்க போய் பீட்சா தேடாதீங்க. சீஸ், மைதா எல்லாம் கீழே இருந்து ஏத்திட்டுப் போற பொருள்.

மலையில் விளையறது சாமை, தினை, மரவள்ளி. காட்டில் கிடைக்கிறது தேன், கடுக்காய். அதை அங்க வாங்கினா காசு மலைவாழ் மக்கள் கைக்கு நேரா போகும். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, அதனால யுபிஐயை மட்டும் நம்பாம நூறு, ஐம்பது நோட்டா கொஞ்சம் கையில் வச்சுக்கோங்க.

பீட்சா ஆசை விடலையா? சாமை வாங்கிட்டு வந்து மாவாக்கி, மைதா முக்கால் பங்கு, சாமை மாவு கால் பங்குனு பிசைஞ்சு வீட்டிலேயே பேஸ் போடலாம். சாமையில் குளூட்டன் இல்லை, அதனால முழுக்க சாமைன்னா மாவு உதிரும். அடி கனமான தவாவில் மூடி போட்டு சிறு தீயில் வச்சா போதும், ஓவன் வேண்டாம்.

கடைசியா சம்பளக் கணக்கு

கையில் ₹25,000 வருதுனு வச்சுக்கலாம். மாசம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னா 234 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் ₹107. நேரில் வாங்கின பீட்சா உங்க 3 மணி நேர உழைப்பு. ஆப்பில் வந்தது 4 மணி நேரத்துக்கு மேல்.

இன்னொரு அளவுகோலும் இருக்கு. 2025-26-க்கு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச தினக்கூலி ₹336. நம்ம மாவட்டத்தில் பலரோட அம்மா, பெரியம்மா அந்த வேலைக்குப் போறவங்க. நேரில் வாங்கின பீட்சா அந்த ஒரு நாள் கூலிக்குள்ள அடங்குது, ஆப்பில் வந்தது தாண்டிடுது. குற்ற உணர்ச்சிக்காக இதைச் சொல்லலை. அவங்களும் சேர்ந்துதான் உங்களைப் படிக்க வச்சாங்க, நீங்க நல்லா சாப்பிடணும்னுதான் நினைப்பாங்க. ஆனா "₹445 தானே"னு விரல் தானா ஆர்டர் பட்டனுக்குப் போறப்போ, அந்தத் தொகையோட எடை என்னனு தெரியணும்.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள்:

1. சம்பளம் வந்த அன்னிக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, அவசரகால நிதி, சேமிப்பு மூணையும் முதல்ல எடுத்து வைங்க.
2. யுபிஐ லைட்டில் ₹1,000 போடுங்க. இதுதான் உங்க வெளிச் சாப்பாட்டுப் பர்ஸ். அதில் ₹5,000 வரைக்கும் வச்சுக்கலாம், ஒரு தடவைக்கு ₹1,000 வரை கொடுக்கலாம். ஆட்டோ டாப்-அப்பை ஆஃப் பண்ணிடுங்க.
3. பர்ஸ் தீர்ந்தா அடுத்த சம்பளம் வரைக்கும் தவா பீட்சா. "பே லேட்டர்" பக்கம் போகாதீங்க. இன்னிக்குச் சாப்பிட்டதுக்கு அடுத்த மாசச் சம்பளத்தில் கை வைக்கிற பழக்கம் சின்ன தொகையில்தான் ஆரம்பிக்கும்.
4. ஆப் ஆர்டரைத் தவிர்த்த ஒவ்வொரு தடவையும் ₹130-ஐ தனி ஆர்டியிலோ தனி சேமிப்புக் கணக்கிலோ போடுங்க. அது குடும்பப் பயணத்துக்கு.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. போன மாச ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து, பீட்சா விலையைத் தனியா, மத்த கட்டணங்களைத் தனியா கூட்டுங்க. ரெண்டாவது தொகையை ஒரு பேப்பரில் எழுதி வச்சுக்கிட்டு, அடுத்த தடவை ஊருக்குக் கிளம்ப கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது வீட்டுக்கு போன் போட்டுக் கேளுங்க: "இந்த லீவுல பாண்டி போலாமா?"